பழைய பிக்கப்பில் ஸ்டெபிலைசர் பார் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னால் இரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் அச்சுக் கூடான ஹவுசிங்கும், தகடுகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங்கும். ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஸீனான், இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் எல்லாம் இந்த அமைப்புதான். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய இப்படிப்பட்ட வண்டிகளை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. முன்னாலும் பட்டை உள்ள வண்டி என்றால் எங்கே வித்தியாசம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

ஸ்டெபிலைசர் பார் உண்மையில் என்ன செய்கிறது?

வண்டிக்குக் குறுக்கே போகும் யூ வடிவக் கம்பி அது. நடுப்பகுதியை இரண்டு புஷ் (கம்பியைச் சுற்றிய ரப்பர் போன்ற உறை) சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும். இரு முனைகளும் லிங்க் ராடு என்ற சின்ன இணைப்புக் கம்பி வழியாக இரு பக்க லோயர் ஆர்மில் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கை) மாட்டியிருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எதையும் தடுக்காது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால் கம்பி ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கப்படும். முறுக்கத்துக்கு அது காட்டும் எதிர்ப்புதான் பாடி சாய்வதைக் குறைக்கிறது.

ஆகவே சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தின் வளையங்களில் வித்தியாசம் தெரியும். தெரு முனை வேகத்தடையில் நேராக ஏறி இறங்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. பிரேக் அடித்தால் மூக்கு குத்துவதையும், லோடு ஏற்றினால் பின்பக்கம் அமுங்குவதையும் பார் சரி செய்யாது. ஏற்றக்கூடிய எடையும் ஒரு கிலோகூட அதிகரிக்காது. லோடு ஏற்றத்தான் பார் மாட்டுகிறோம் என்று நினைப்பவர்கள் பட்டை ஸ்பிரிங் கடைக்குப் போக வேண்டும், இந்தப் பக்கத்துக்கு அல்ல.

வளைவில் வண்டி ரொம்பச் சாய்கிறது. பார் மாட்டினால் சரியாகுமா?

ஆகலாம். ஆனால் பழைய வண்டியில் முதல் சந்தேகம் பார் மீது வரக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் பார் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே கீழே போய் லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று விளையாடினால் அதன் பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு) போய்விட்டது. அடுத்து, பாருக்கும், புஷ்ஷைச் சேசிஸோடு பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு சின்ன கடப்பாறை கொடுத்து நெம்புங்கள். புஷ்ஷுக்கும் கம்பிக்கும் இடையில் இடைவெளி தெரிந்தால், வண்டி சாயும்போது அந்த இடைவெளி மூடும்வரை பார் தூங்குகிறது என்று அர்த்தம். புது புஷ்ஷும் புது லிங்க்கும் போட்டாலே பல வண்டிகள் திருந்திவிடும். செலவும் பாரில் ஒரு சிறு பங்குதான்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தால் அது செத்துவிட்டது. நல்ல ஷாக்கும் சாய்வின் அளவைக் குறைக்காது; எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதைத்தான் மாற்றும். ஆனால் ஓட்டுபவருக்கு பயம் தருவது பெரும்பாலும் அந்த வேகம்தான், குறிப்பாக லேன் மாற்றும்போது வரும் இரண்டாவது ஆட்டம்.

பின்பட்டை நிமிர்ந்துபோயிருக்கிறதா, சாக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) புஷ் தேய்ந்திருக்கிறதா, பட்டைத் தகடுகளை நடுவில் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஹவுசிங் நகர்ந்திருக்கிறதா, டயரில் காற்று குறைவா, இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு பார் பற்றி யோசிக்கலாம். கோயம்பேட்டிலிருந்து காய்கறிக் கூடையைக் கேபின் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கொண்டுவரும் வண்டிக்கு எந்தப் பாரும் முழுத் தீர்வு இல்லை. அங்கே பிரச்சினை லோடின் உயரம்.

முன்னால் மாற்றுவதா, பின்னால் புதிதாகப் போடுவதா?

தடித்த பார் மாட்டிய பக்கம், வளைவில் வெளிச்சக்கரத்தின் மேல் அதிக எடையைத் தள்ளும். அந்த ஜோடி டயர்களின் மொத்தப் பிடிப்பு கொஞ்சம் குறையும். முன்னால் தடித்த பார் போட்டால் வேகமான வளைவில் வண்டி வெளிப்பக்கமாக நேரே போகப் பார்க்கும். ஓட்டுபவர் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் அடங்கிவிடும். பின்னால் தடித்த பார் போட்டால் வால் வெளியே வீசும். அதை அடக்குவதற்குத் திறமையும் வேண்டும், காலி ரோடும் வேண்டும்.

பிக்கப்பில் இது இன்னும் முக்கியம். காலியாக ஓடும்போது பின்பக்கம் எடையே இருக்காது. லோடுக்காகச் செய்த பட்டை ஏற்கெனவே கடினம். அதன் மேல் கடினமான பின்பாரும் சேர்ந்தால் மழையில் நனைந்த மேம்பால வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் பிடிப்பை விட்டுவிடும். பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால், உள்சக்கரம் லேசானதும் அது சும்மா சுற்றும், வண்டி நகராது.

எங்கள் முடிவு இது: காலியாகவும் குறைந்த லோடிலும் அதிகம் ஓடும் வண்டிக்கு முன்பார் மட்டும் போதும். எப்போதும் உயரமான, நிலையான லோடு ஏற்றும் வண்டிக்கு, உதாரணமாக பின்னால் கூண்டு கட்டியது, உணவு வண்டி, தண்ணீர் டேங்க் வைத்தது, பின்பார் உதவும். அதையும் முன்பாரைச் சரி செய்த பிறகு, மெலிதான அளவில் தொடங்குங்கள்.

எத்தனை மி.மீ. பார் வாங்குவது?

கம்பியின் கடினம் அதன் விட்டத்தின் நான்காம் படியோடு ஏறும். கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் ரோட்டில் பெரிதாகத் தெரிவது அதனால்தான். 25 மி.மீ. பாருக்குப் பதில் 28 மி.மீ. போட்டால் கடினம் சுமார் 57 சதவீதம் கூடும். 30 மி.மீ. போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பழைய வண்டிக்கு 2 முதல் 3 மி.மீ. கூடுதல் போதும். அதற்கு மேல் போனால் முதலில் புலம்புவது சேசிஸில் உள்ள பிராக்கெட்டும் லிங்க் ராடும்தான்.

வெர்னியர் காலிப்பர் வைத்து, புஷ் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், பெயிண்டும் துருவும் சுரண்டிய பிறகு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டேப் வைத்து அளந்து கடைக்குப் போனால் தவறான புஷ்ஷோடு திரும்பி வருவீர்கள்.

விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. கை நீளமும் கணக்கு. லிங்க் மாட்டும் இடத்தில் இரண்டு மூன்று ஓட்டை உள்ள பாரில், வளைவுக்கு அருகே உள்ள ஓட்டை அதிகக் கடினம் தரும். கை 250 மி.மீ. இருந்து 225 ஆகக் குறைந்தால் தோராயமாக 23 சதவீதம் கூடும். முதலில் கடைசி ஓட்டையில், அதாவது மென்மையான நிலையில் மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே ஓட்டையில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

உள்ளே குழாயாக இருக்கும் பார் பலவீனமா?

இல்லை. முறுக்கத்தைத் தாங்குவதில் கம்பியின் வெளிப்பகுதிக்குத்தான் பெரும் பங்கு. 30 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. சுவரும் உள்ள குழாய், ஏறக்குறைய 28.4 மி.மீ. முழுக்கம்பிக்குச் சமமான கடினம் தரும், எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆனால் முனை நசுக்கிய இடத்தில் தண்ணீர் உள்ளே போனால் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. கடற்கரைப் பக்கம் நிறுத்தும் வண்டிக்கு முழுக்கம்பியே நிம்மதி.

புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பார் வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கினால். உங்கள் வண்டியின் உயர் மாடலிலோ அதே சேசிஸில் வந்த வேறு வண்டியிலோ தடித்த பார் வந்திருந்தால், அதுதான் எல்லாவற்றையும்விட நல்ல வழி. வளைவும் ஓட்டையும் கச்சிதமாகப் பொருந்தும். பழைய பாரை உங்கள் கண்முன்னே சமமான சிமெண்ட் தரையில் வைக்கச் சொல்லுங்கள். இரு முனையும் ஒரே மாதிரி தரையில் படிய வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் முறுகிய பார், விட்டுவிடுங்கள். வளைவின் உள்பக்கம் பெயிண்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் பாருங்கள். விரல்நகம் மாட்டும் அளவுக்குத் துருக்குழி இருந்தாலும் வேண்டாம், உடைவது அந்தக் குழியில்தான் ஆரம்பிக்கும். வெல்டிங் தழும்பு இருந்தால் விலை கேட்கவே வேண்டாம்.

புஷ், லிங்க், நட்டு, போல்ட் மட்டும் பழசு வாங்காதீர்கள். அவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் புதுசு கிடைக்கும். பழைய புஷ்ஷைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பட்டறையில் கம்பியை வளைத்துச் செய்து தருகிறேன் என்கிறார்கள். சரியா?

எந்தக் கம்பி, எப்படி வளைக்கிறார்கள் என்று கேளுங்கள். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் செய்த பார் மாட்டிய அன்று நன்றாகவே இருக்கும். காரணம் எளிது: ஒரே விட்டம், ஒரே வடிவம் என்றால் எம்.எஸ். கம்பிக்கும் ஸ்பிரிங் ஸ்டீலுக்கும் கடினம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், எவ்வளவு முறுக்கினால் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகும் என்பதில் இருக்கிறது. ஒரு சக்கரம் பெரிய பள்ளத்தில் விழுந்ததும் எம்.எஸ். பார் நிரந்தரமாக முறுகிவிடும். பிறகு வண்டி நேர் ரோட்டிலேயே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

ஸ்பிரிங் ஸ்டீல், அதாவது ஈ.என். 45 அல்லது ஈ.என். 47 வகைக் கம்பியை வளைத்த பிறகு முழுக் கம்பியையும் சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பதப்படுத்த வேண்டும். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யும் இடங்கள் உண்டு. கேஸ் டார்ச்சில் வளைவை மட்டும் சிவக்கச் சூடாக்கி வளைத்துத் தருகிற பாரை வாங்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் பதம் போய், அந்த எல்லையில் ஒரு நாள் முறியும். பொருந்தவில்லை என்று பாரின் முனையைச் சூடாக்கித் தட்டுவதும் இதே தவறுதான்.

ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேன் புஷ்ஷா?

ரப்பர் சத்தமில்லாதது, அதிர்வை விழுங்கும். நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு நல்ல ரப்பர் போதும். பாலியூரித்தேன் அமுங்காது, எண்ணெயையும் சூட்டையும் தாங்கும், பார் உடனே வேலை செய்யும். ஆனால் கிரீஸ் காய்ந்ததும் கீச்சிடும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். ரப்பருக்கோ சாதாரண சேசிஸ் கிரீஸும் கூடாது, டீசலும் கூடாது, ஊதிப்போய்க் கிழியும். மாட்டும்போது வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும்.

புஷ்ஷின் உள்விட்டம் பாரின் விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். 28 பாருக்கு 27 புஷ்ஷை நசுக்கி மாட்டினால் பார் சுழலாமல் இறுகி, வண்டி வேகத்தடையில் கூடத் துள்ளும். 29 புஷ்ஷானால் டக் டக். ரப்பர் புஷ்ஷைப் பற்றி மட்டும் ஒரு விதிவிலக்கு: சில வண்டிகளில் கம்பெனியே கொஞ்சம் இறுக்கமான புஷ்ஷைத்தான் கொடுத்திருக்கும். அதைக் கம்பெனி அளவிலேயே விடுங்கள்.

வேலைக்கு முன் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும்?

பார், டி (D) வடிவப் புஷ் 2, பிராக்கெட் 2, லிங்க் ராடு 2, நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகத் தளராதது) புதுசாக ஒரு செட், 8.8 என்ற வலிமைக் குறியைத் தலையில் பொறித்த போல்ட்டுகள். பின்பார் என்றால் ஹவுசிங் குழாயின் அளவுக்கு யூ போல்ட் 2 அல்லது கிட்டில் வரும் சேடில் பிராக்கெட் (ஹவுசிங் குழாயின் மேல் உட்கார்ந்து கவ்வும் பிடி). கருவிகளில் ரிங் ஸ்பேனர் 12 முதல் 19 வரை, அரை அங்குல சாக்கெட் செட், ஆலன் கீ, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது), கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே. ஜாக்கியோடு ஸ்டாண்டு இரண்டு கண்டிப்பாக வேண்டும். ஹாலோ பிளாக் கல்லின் மேல் வண்டியை நிறுத்திக் கீழே படுக்காதீர்கள். அது விரிசல் விட்டுச் சொல்லிக்கொண்டு உடையாது, ஒரே அடியாக நொறுங்கும்.

முன்பார் மாற்றும் முறை என்ன?

முந்தின இரவே எல்லா நட்டுகளிலும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். காலையில் சமதரையில் நிறுத்தி, காலி வண்டியில், நான்கு சக்கரத்திலும் வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். பிறகு எதையாவது சந்தேகிக்க வேண்டி வந்தால் இந்த நான்கு எண்கள்தான் சாட்சி.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டு வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுகிய நிலையில் இருக்கும். கழற்றும் லிங்க் போல்ட் எகிறி வரும், மாட்டும்போது ஓட்டையும் சேராது. இரண்டு சக்கரமும் ஒரே அளவு தொங்கினால் பார் தளர்வாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில பிக்கப்பில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் இருக்கும். அது வண்டியின் நீளவாக்கில், கண்ட்ரோல் ஆர்மிலிருந்து பின்னோக்கி கேபின் அடிவரை ஓடும் கம்பி. வண்டியின் எடையைத் தாங்குவதே அதுதான். குறுக்கே ஓடுவது மட்டுமே ஸ்டெபிலைசர் பார். நீளவாக்கில் ஓடுவதன் போல்ட்டில் கை வைக்காதீர்கள்.

முதலில் லிங்க் நட்டு. நட்டைத் திருப்பும்போது பால் ஜாயிண்ட்டின் தண்டும் கூடவே சுற்றும். தண்டின் நுனியில் ஆலன் கீ போடப் பள்ளம் இருக்கும், இல்லையென்றால் பின்பக்கம் மெல்லிய ஸ்பேனர் பிடிக்கத் தட்டை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். பள்ளம் தேய்ந்துபோயிருந்தால் வாதாட வேண்டாம், நட்டை அறுத்துவிடுங்கள். லிங்க் எப்படியும் புதுசுதான். அடுத்து பிராக்கெட் போல்ட்டுகள். இவை சேசிஸுக்குள் இருக்கும் வெல்டிங் நட்டில் ஏறியவை, துருப்பிடித்தவற்றை முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்து உள்ளே நின்றுவிடும். கால் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி ஸ்பிரே அடித்து, அப்படியே வெளியே கொண்டுவாருங்கள். இந்தப் பொறுமைக்கு அரை மணி நேரம் போகும். முறிந்த போல்ட்டை டிரில் போட்டு எடுத்து மரை வெட்ட அரை நாள் போகும்.

பழைய பாரை எடுத்ததும் புதியதன் பக்கத்தில் தரையில் வைத்து ஒப்பிடுங்கள். வளைவு எந்தப் பக்கம் குனிகிறது, கை நீளம் ஒன்றா, எது மேல்பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைகீழாக மாட்டினாலும் பல பார்கள் பொருந்திவிடும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்த பிறகுதான் டயரில் உரசுவது தெரியும்.

புது புஷ்ஷைப் பாரின் மேல் போடுங்கள். பழைய புஷ்ஷின் வெட்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, இதன் வெட்டும் அதே பக்கம் இருக்கட்டும். பிராக்கெட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கிப் பாரை இடவலம் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரு பக்கமும் பாருக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை அளந்து சரி பாருங்கள். பிறகு லிங்க்குகள், அவையும் தளர்வாக. இப்போது வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் நின்று, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டுவிட்டு, அதன் பிறகே பிராக்கெட்டையும் லிங்க்கையும் இறுதியாக இறுக்குங்கள். கிரீஸ் போட்ட புஷ்ஷில் இந்த வரிசை மாறினாலும் பெரிய கேடு இல்லை. ரப்பர் கண் உள்ள லிங்க்கைத் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் நாள் முழுதும் முறுகிய நிலையில் நின்று சீக்கிரமே கிழியும்.

கடைசியாக ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து டயர், பிரேக் ஓஸ், டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி), ஆயில் சம்ப் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி) எல்லாவற்றிலும் இடைவெளி பாருங்கள். முன்னாலும் பட்டை உள்ள வண்டியில் டிராக் லிங்க் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) பாரைத் தொடாமல் தாண்டிப் போகிறதா என்று தனியாகப் பாருங்கள். நிற்கும்போது தாண்டினால் போதாது, பட்டை முழுக்க அமுங்கும்போதும் தாண்ட வேண்டும்.

போல்ட்டுகள் ஒழுங்காக வந்தால் இரண்டு மணி நேர வேலை.

பின்னால் பாரே இல்லை. புதிதாக மாட்டுவது எப்படி?

பெரும்பாலான கிட்டில் பார் ஹவுசிங்கோடு சேடிலில் உட்காரும், கைகளின் முனையிலிருந்து லிங்க் மேலே சேசிஸுக்குப் போகும். ஹவுசிங்குக்கு முன்னால் புரொபெல்லர் ஷாஃப்ட் இருப்பதால் பார் வழக்கமாகப் பின்பக்கம்தான் வரும். ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். திரும்ப மாட்டியதும் ஸ்டெப்னி பாரைத் தொடுகிறதா என்று பார்ப்பதையும் மறக்காதீர்கள்.

முதல் ஆபத்து பிரேக் பைப். ஹவுசிங் குழாயின் மேல் ஒட்டியபடியே ஓடும் அந்த மெல்லிய பைப்பைச் சேடிலுக்கு அடியில் நசுக்கிவிடுவது இந்த வேலையில் நடக்கும் மோசமான தவறு. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதத்தில் நசுங்கிய இடம் தேய்ந்து பிரேக் ஆயில் கசியும். பைப்பின் கிளிப்பைக் கழற்றி ஒதுக்கி, சேடிலை நேரடியாகச் சுத்தமான குழாயில் உட்கார வையுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும் அப்படியே.

இரண்டாவது, பல பிக்கப்பில் ஹவுசிங்கிலிருந்து சேசிஸில் உள்ள ஒரு பிரேக் வால்வுக்கு ஒரு கம்பி போகும். லோடு ஏறி வண்டி அமுங்கினால் பின்பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுவது அதன் வேலை. பார் அந்தக் கம்பியைத் தொட்டாலோ, இடம் பற்றவில்லை என்று அதை வளைத்தாலோ பின்பிரேக் கணக்கு தப்பிவிடும். இடிக்கிறதென்றால் அந்தக் கிட் உங்கள் வண்டிக்கு உரியதல்ல.

பட்டையைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளில் கை வைக்காமல் மாட்டும் கிட்டையே தேடுங்கள். அவற்றைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் புது யூ போல்ட் போட்டு, நான்கு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும்.

இடைவெளியை அளப்பது இப்படி: காலி வண்டியில் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (ஹவுசிங் சேசிஸில் மோதாமல் தடுப்பது) ஹவுசிங்குக்கும் உள்ள தூரத்தை அளங்கள். ஹவுசிங் அவ்வளவு மேலேறும். பாருக்கு மேலே சைலன்சர் குழாய், டீசல் டேங்க், சேசிஸ் குறுக்குச் சட்டம் எதுவானாலும் அந்தத் தூரத்தோடு 25 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். பிறகு ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, மறுபக்கம் கீழே நிற்கும் நிலையிலும் பாருங்கள். உரசல் பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும். பின்பக்கத்தைத் தூக்கியதும் ஹேண்ட்பிரேக் எதையும் பிடிக்காது, முன்சக்கரங்களுக்குக் கட்டை அவசியம்.

லிங்க் ராடு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

வண்டி நிற்கும் உயரத்தில் பாரின் கை ஏறக்குறைய கிடையாகவும், லிங்க் அதற்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். பட்டை சேர்த்தோ ஸ்பேசர் போட்டோ வண்டியை உயர்த்தியிருந்தால் அதே அளவு லிங்க்கும் நீளம் கூட வேண்டும். கூடவில்லையென்றால் சக்கரம் பள்ளத்தில் முழுசாக இறங்கும்போது கையும் லிங்க்கும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்து, எதிர்ப்பக்கம் மடிந்து பூட்டிக்கொள்ளும். பிறகு நிமிராது. மாட்டியதும் இரு சக்கரத்தையும் தொங்கவிட்டு இதைச் சோதியுங்கள்.

சேசிஸில் ஓட்டை போடலாமா? வெல்டிங்?

வெல்டிங் வேண்டாம். ஓட்டை, வேறு வழியே இல்லை என்றால். சேசிஸ் சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஓட்டை போடக் கூடாது, வளையும்போது முழு இழுவிசையும் அங்கேதான். பக்கச் சுவரின் நடுப்பகுதியில், ஏற்கெனவே உள்ள ஓட்டையிலிருந்து தள்ளிப் போடுங்கள். பெட்டிச் சட்டமானால் உள்ளே குழாய்த்துண்டு கொடுத்து அதன் வழியே போல்ட் போக வேண்டும், இல்லாவிட்டால் இறுக்க இறுக்கச் சுவர் உள்வாங்கி, நட்டு தளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டிய விளிம்பில் உடனே பிரைமர் அடியுங்கள்.

எவ்வளவு இறுக்குவது?

கிட்டோடு தாள் வந்தால் அதில் உள்ளதே சட்டம். இல்லையென்றால் எண்ணெய் படாத, சுத்தமான 8.8 போல்ட்டுக்கு எம்8 (8 மி.மீ. மரை) என்றால் 25, எம்10 என்றால் 48, எம்12 என்றால் 85 நியூட்டன் மீட்டர் சுமாரான அளவு. இன்னும் வலுவான 10.9 போல்ட்டானால் எம்10-க்கு 70, எம்12-க்கு 120. மரையில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் இதைவிடக் குறைக்க வேண்டும். வாஷரும் ரப்பரும் அடுக்கிய நீள போல்ட் வகை லிங்க்குக்கு இந்த எண் எதுவும் பொருந்தாது: ரப்பர் பிதுங்கி வாஷரின் விளிம்பு அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 1000 கி.மீ.யில் இன்னொரு முறை எல்லாவற்றையும் சரி பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் சேடில் பிராக்கெட் பெயிண்ட் நசுங்கித் தளர்வது சகஜம்.

மாட்டியதிலிருந்து டக் டக் சத்தம். எங்கே பார்ப்பது?

இரு பக்கமும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் சத்தம் இல்லை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் என்றால் லிங்க்கோ புஷ்ஷோதான். சோதனைக்கு இரு லிங்க்கையும் கழற்றி, பாரின் கைகள் எதிலும் மோதாதபடி கட்டிவைத்து, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று போங்கள். சத்தம் நின்றால் பார் தரப்பு. நிற்கவில்லையென்றால் ஷாக்கின் மேல்புஷ், லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட், சாக்கிள் என்று தேடுங்கள். ஒரு பக்க லிங்க்கை மட்டும் கழற்றினாலும் பார் வேலை செய்யாது, ஆனால் தொங்கும் கை எதையாவது அடிக்கும்.

கீச் சத்தம் என்றால் காய்ந்த பாலியூரித்தேன் புஷ். ஸ்பிரே எண்ணெய் அடித்தால் இரண்டு நாள் அடங்கி, தூசியைச் சேர்த்துக்கொண்டு திரும்ப வரும். கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடுவதுதான் வழி.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

முதலில் எழுதிவைத்த நான்கு அளவுகளோடு ஒப்பிடுங்கள். லிங்க் ஒன்றைக் கழற்றியதும் சாய்வு போனால் பார் முறுகியிருக்கிறது, அல்லது இரு லிங்க்கும் ஒரே நீளத்தில் இல்லை. கழற்றியும் போகவில்லையென்றால் சாய்வு முன்பே இருந்தது, ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

மேடுபள்ளத்தில் முன்பைவிடத் தலை ஆடுகிறது. ஏன்?

பார் இரண்டு சக்கரத்தையும் இணைத்துவிட்டது. இடது சக்கரம் ஏறினால் வலதையும் இழுக்கும், அதனால் பாடி இடவலமாகக் குலுங்கும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோடுகளில் தினமும் ஓடுபவர்களுக்கு இது எரிச்சல். மென்மையான ஓட்டைக்கு மாற்றுங்கள்; அப்போதும் ஆடினால் பார் உங்கள் ரோட்டுக்கு அதிகத் தடிமன்.

வீல் அலைன்மெண்ட் செய்ய வேண்டுமா?

பார் மட்டும் மாற்றினால் தேவையில்லை. டை ராடு, கண்ட்ரோல் ஆர்ம் போல்ட் எதையாவது தளர்த்தியிருந்தால் செய்யுங்கள்.

மழை, உப்புக்காற்று, துரு?

எண்ணூர், காசிமேடு, ஈ.சி.ஆர். பக்கம் நிற்கும் வண்டிக்குப் பாரின் பெயிண்ட் உரிந்த இடத்தை விட்டுவைக்காதீர்கள். பாரில் துருக்குழி என்பது அழகுப் பிரச்சினை அல்ல, விரிசலின் விதை. ஐப்பசி மழை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் வண்டியின் அடியை நல்ல தண்ணீரில் கழுவி, புஷ் பிராக்கெட்டுக்குள் தங்கிய சேற்றை எடுங்கள். அந்தச் சேற்று மணல் புஷ்ஷையும் கம்பியையும் சேர்த்து அரைக்கும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் முழங்கால் ஆழம் போயிருந்தால், லிங்க்கின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உறை கிழிந்த பால் ஜாயிண்ட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் போனால் அது அதிக நாள் தாங்காது.

எஃப்.சி.யில் (தகுதிச் சான்று), இன்சூரன்ஸில் சிக்கல் வருமா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பாரின் தடிமன் ஆர்.சி.யில் பதியும் விவரம் அல்ல. கம்பெனி இடத்திலேயே போல்ட்டில் மாட்டிய பார் பொதுவாகக் கேள்விக்கு இடம் தராது. சேசிஸில் வெல்டிங்கும் வெட்டும் தெரிந்தால் நிலைமை வேறு. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, ஆண்டுதோறும் யாராவது அடியில் குனிந்து பார்ப்பார்கள். வெள்ளை போர்டு வண்டியானாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் எப்படி ஓட்டிப் பார்ப்பது?

காலி வண்டியில், காய்ந்த ரோட்டில், நீங்கள் தினமும் எடுக்கும் ஒரு வளைவைப் பழைய வேகத்திலேயே எடுங்கள். சாய்வு குறைந்த தைரியத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். டயரின் பிடிப்பு கூடவில்லை, அது முடியப்போகிறது என்று முன்பு சாய்வு சொன்ன எச்சரிக்கைதான் குறைந்திருக்கிறது. அடுத்து வழக்கமான லோடோடு ஒரு சுற்று, பிறகு ஒரு மழை நாளில் மெதுவாக ஒரு சுற்று. பின்பார் போட்டவர்கள் மழைச் சுற்றைத் தவிர்க்கவே கூடாது.

பழைய பாரை இரும்புக் கடையில் போட்டுவிடலாமா?

வேண்டாம். பிராக்கெட், போல்ட்டோடு சேர்த்துக் கட்டி, கிரீஸ் தடவி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார், புதிய பார் ஒத்துவராவிட்டால் உங்களுக்கே வேண்டியிருக்கும்.